மூங்கிலை விட்டு இறங்காத துணி

1934 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடம். பாலத்தடி அளவுகோலில் தண்ணீர் ஏழரை அங்குலம்.

அக்கா, பழக்கதோஷம். எதை எழுத உட்கார்ந்தாலும் கை முதலில் இந்த மூன்றையும் எழுதிவிடுகிறது. நீர்ப்பாசன இலாகாவில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நாள், நேரம், அளவு. அதற்குக் கீழே எழுதுவதை எந்தத் துரையும் படிப்பதாகத் தெரியவில்லை.

துறையில், நீ துணி வெளுத்த கல்லின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கல் இன்னும் குளிர்ந்திருக்கிறது. இப்போதுதான் அத்தான் வந்து, என் மடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு மூங்கிலை நோக்கிப் போனார். துணி போய்விட்டது, கையில் வாசனை இருக்கிறது. சோடா, நீலம், வெள்ளாவிப் புகை, கொஞ்சம் ஆற்றுச் சேறு. இது உன் வாசனை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இது சோடாவின் வாசனை. உன் மேலும் இதேதான் அடித்தது, அவ்வளவுதான். இருந்தும் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீ போன பிறகு இந்தத் துணியை மூங்கிலிலிருந்து நான்தான் இறக்குகிறேன். எப்படி அந்த வேலை என் தலையில் விழுந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த பாதியை நீ எங்களுக்குச் சொல்லாமல் போனாய். மீதிப் பாதி நீ போன பிறகு நடந்தது.

இந்த ஆறு பெரிய ஆறு இல்லை. ஆயர் ஈத்தாம் மலையில் புறப்பட்டு, ஜெலுத்தோங் பக்கம் கடலில் விழுந்துவிடுகிறது. அதற்குள் யார் யார் இதிலிருந்து எதற்குத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து எனக்கு வேலை. ஆற்றின் தலையிலேயே ஊருக்குக் குழாய்த் தண்ணீர் போகிறது. அதற்குக் கீழே சீனர்களின் காய்கறித் தோட்டங்கள், பன்றிக் கொட்டில்கள். அப்புறம் நம்மவர்களின் மாட்டுத் தொழுவங்கள். குளிக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள். அப்புறம் நம் துறை, பத்துப் பதினைந்து குடும்பங்களின் கற்கள். எல்லோருக்கும் கீழே கடல். அது எதையும் எடுப்பதில்லை. மேலிருந்து வரும் தண்ணீர் மெலிந்தால் அது ஏறி வருகிறது. கோடையில் ஏற்றம் வந்தால் உப்பு நேராக நம் கல்லுக்கே வந்துவிடும். உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி போட்டால் மஞ்சள் பூக்கும். நான் படித்துத் தெரிந்துகொண்ட இதையெல்லாம் நீ மணிக்கட்டு வலியால் தெரிந்துகொண்டாய்.

நினைவிருக்கிறதா, நான் கோலாலம்பூரில் தொழிற்பள்ளி முடித்து வந்த புதிதில், நார்தாம் சாலைப் பக்கம் ஒரு பங்களாவுக்கு மூட்டை கொண்டுபோனோம். நீ தலையில் ஒன்று, நான் தோளில் ஒன்று. அந்த வீட்டுப் புல்தரையில் குழாய் திறந்தபடியே கிடந்தது. தண்ணீர் புல்லை நனைத்து, பாதையை நனைத்து, சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நீ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராகப் போய்க் குழாயை மூடினாய்.

தோட்டக்காரன் நம் ஆள்தான். ஓடி வந்தான். “ஏன்க்கா, குழாய்க்கு நீதான் சொந்தக்காரியா?”

“இல்லடா. நான் கடைசிக்காரி.”

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. திரும்பி நடக்கும்போது கேட்டாய். “ஏன்டா, இந்தக் குழாய்த் தண்ணி எங்கேருந்து வருது?”

“மலையிலேருந்துதான். நம்ம ஆத்துத் தலையில குழாய் போட்டு எடுக்கறாங்க.”

தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாய். “அப்ப நல்ல தண்ணிய மேலயே எடுத்துக்கிட்டு, அழுக்குத் துணிய மட்டும் கீழ அனுப்பறாங்க. நல்ல ஆளுங்க லா.”

எங்கள் இலாகாவில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

உன் துணியைப் பற்றியும் ஒரு தடவை கேட்டேன். பாலத்துக்கும் உன் கல்லுக்கும் நடுவில் உயரமான மூங்கில், நுனியில் ஒரு வளையம், வளையத்தில் கயிறு. காலையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை நீ மேலே ஏற்றுவாய். அதன் சொந்தக்காரி சீமைக்குக் கப்பலேறிப் போய்விட்டாள், விரிப்பின் மூலையில் சேங்கொட்டை மையால் போட்ட அவள் வீட்டுக் குறி மட்டும் நின்றது. அலசல் முடிந்ததும் அதை இறக்கி மடித்துக் கூடையில் வைப்பாய். சில நாள் பத்து மணிக்கு, சில நாள் எட்டரைக்கே.

“எதுக்குக்கா கொடி?”

“ஏன், கவர்னர் வீட்டுல மட்டும்தான் கொடி ஏத்தணுமா?”

“இல்ல, நெசமா எதுக்கு?”

“காக்கா விரட்டத்தான் லா.”

நான் நம்பிவிட்டேன். அத்தானோ அது முனியாண்டிக்கு நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கல் சின்னையா அண்ணன், “பொம்பள ராஜாங்கம், கொடி பறக்குது” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

அந்தச் சின்னையா அண்ணனின் வீரப்பேச்சு உனக்கு மறக்காது. வளைவுக்கு அந்தப் பக்கம், நம் துறைக்கு மேலே, முதல் தோட்டம் சீனக் கிழவருடையது. ஆற்றுக்குக் குறுக்கே அவர் ஒரு பலகை போட்டால் தண்ணீர் அவர் வாய்க்காலில் ஏறும், நமக்குக் குறையும். மூன்று வருஷத்துக்கு முந்தைய கோடையில் நம் ஆட்கள் திரண்டுபோய் அந்தப் பலகையை உடைத்தார்கள். அவர் புதிதாகப் போட்டார். மறுபடியும் உடைத்தார்கள். அதற்குப் பிறகு துறையில் தண்ணீர்க் கஷ்டம் வரவில்லை.

“நாங்க போட்ட போடுல சீனன் அடங்கிட்டான், பாத்தியா தம்பி?” என்று சின்னையா அண்ணன் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நீ முதுகைக் காட்டிக்கொண்டு துணி பிழிந்தபடி, “ஆமாண்ணே, ஒங்களப் பாத்தா எமனே அடங்கிருவான்” என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். நீ ஏன் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது.

தைப்பூசம் முடிந்து, மஞ்சளும் திருநீறும் அப்பிய வேட்டிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய வாரம் அது. அலசிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கல்லில் உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் மட்டும் இலாகா என்னை அக்கரைக்கு அனுப்பியிருந்தது, கெப்பாலா பத்தாஸில் வயல் வாய்க்கால்களை அளந்துகொண்டிருந்தேன். தந்தி வந்து, படகேறி வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இருதயம் என்றார் டாக்டர். ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

அடக்கம் முடிந்து துறைக்கு வந்தபோது, மூங்கிலில் துணி அப்படியே நின்றது. அன்று காலை நீ ஏற்றியது. யாரோ கயிற்றில் கை வைத்தார்கள். அத்தான் கத்தினார். “தொடாத! அவ ஏத்துனது. கருமாதி முடியட்டும்.” அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாரும் தொடவில்லை.

துறை ரொம்ப நாள் சும்மா இருக்க முடியாது. கப்பல்காரர்களின் துணி காத்திருக்காது. கற்களில் மறுபடி சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் இவர்கள் அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் நன்றாக ஓடியது. கோடை, ஒரு சொட்டு மழையில்லை, அமாவாசை நெருங்குகிறது, கடல் மிக உயரமாக ஏறும் நாட்கள். அப்படியும் உப்பு கல்லை எட்டவில்லை. சவுக்காரம் பொங்கிப் பொங்கி நுரைத்தது.

“தங்கச்சி போயும் நம்மள விட்டுப் போகல” என்றார் சின்னையா அண்ணன். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “அந்தத் துணியில நின்னு காவல் காக்குது.” மூங்கிலின் அடியில் யாரோ குங்குமம் வைத்தார்கள். மறுநாள் பூ. அதற்கும் மறுநாள் சூடம்.

எனக்கு எரிச்சல். நீ காவல் நிற்பாய் என்றால் முதலில் அத்தானைச் சாப்பிட வைத்திருப்பாய். ஆனால் பாலத்தடி அளவுகோலும் அவர்கள் பக்கமே பேசியது. கடல் ஏறாத இடம் அது. அங்கேயும் தண்ணீர் உயர்ந்திருந்தது. மழைமானியைப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. மலையில் குழாய்க்கு எடுக்கும் தண்ணீரைக் குறைத்தார்களா என்று விசாரித்தேன். இல்லை. மழையில்லாமல் ஆறு ஏறாது. எங்கோ யாரோ எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. நான் ஆற்றோரமாகவே மேலே நடந்தேன்.

அன்றைக்குச் சீனப் பெருநாளுக்கு முந்தின நாள். மற்ற வருஷங்களில் அந்த நாளில் தோட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? கடுகுக் கீரை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும், விடியுமுன்னே வண்டி நிறைய பாசாருக்குப் போகும். இந்த வருஷம் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. கீரை நனைத்துப் போட்ட கந்தல்போலத் தரையில் படுத்திருந்தது. கிழவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தோளில் காவடிக் கட்டை அழுத்திய இடத்தில் தோல் உரிந்திருந்தது. கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றியிருக்கிறார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். சேறு.

அவருடைய பலகை, ஆற்றோரமாக ஒரு மரத்தில் சாத்தி வைத்திருந்தது. நனைந்து எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டேன். ஆறு இப்படி ஓடுகிறதே, பலகை இங்கேயே இருக்கிறதே, ஏன் போடவில்லை?

அவர் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முகவாயால் வளைவுப் பக்கம் காட்டினார். மரங்களுக்கு மேலே மூங்கில் நுனியும் வெள்ளைத் துணியும் தெரிந்தன.

“காயின் பெலும் தூருன்” என்றார். துணி இன்னும் இறங்கவில்லை.

அக்கா, உனக்குத் தெரிந்த அந்தப் பாதியை அவர் சொன்னார். நம் ஆட்கள் இரண்டாம் தடவை பலகையை உடைத்த மறுநாள் நீ தனியாக அவரைத் தேடிப் போயிருக்கிறாய். நீயும் உடைக்க வருகிறாய் என்று அவர் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார். நீ இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தாயாம். ஆணிகள். உடைந்து மிதந்து நம் துறைக்கு வந்த பாதிப் பலகையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

பிறகு பேச்சு. அவருக்குத் தமிழ் வராது, உனக்கு அவர் பாஷை வராது. இரண்டு பேருக்கும் வந்தது அரைகுறை மலாய். ஒப்பந்தம் இது: துணி மேலே இருந்தால் நம் துறையில் அலசுகிறார்கள், அவர் பலகை போடக் கூடாது, எருவாளியையும் ஆற்றில் கழுவக் கூடாது. துணி இறங்கினால் ஆறு அவருடையது. கடிகாரம் வைத்து நேரம் பிரிக்க முடியாது, கடல் ஏற்றம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். அதனால் அன்றைய ஏற்றத்தைப் பார்த்து நீ ஏற்றுவாய், நீ இறக்குவாய். அவர் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொள்வார். மூன்று கோடை இப்படி ஓடியிருக்கிறது.

“மத்த ஆளுங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

தெரியக் கூடாது என்று நீதான் சொன்னாயாம். அவர் உன்னைப்போலவே இடுப்பில் கை வைத்துக் காட்டினார். உன்னை ஆச்சி என்றுதான் சொல்கிறார். “ஆச்சி சொன்னது, அந்த ஆம்பளைங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும், இல்லேன்னா மறுபடி ஜெயிக்க வருவாங்க.” அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரித்தார்.

வருஷா வருஷம் பெருநாளைக்கு அவருடைய சட்டைக்கு நீ கஞ்சி போட்டுக் கொடுத்திருக்கிறாய். அவர் கரையில் கீரைக்கட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்தக் கீரையைச் சாப்பிட்டிருக்கிறேன். பாசாரில் வாங்கியது என்றாய்.

நீ இறந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியும். பறைச் சத்தம் கேட்டு வளைவுவரை வந்திருக்கிறார். பெருநாள் நெருக்கத்தில் சாவு வீட்டுக்குள் கால் வைக்க அவர்களுக்கு வழக்கமில்லை. தூரத்திலேயே நின்று, இறந்தது யார் என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

“தெரிஞ்ச பிறகும் ஏன் பலகை போடல?”

அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “உசிரோட இருந்தா நேரா போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆச்சிக்கும் வாய் பெரிசு, எனக்கும் வாய் பெரிசு. செத்துப்போன ஆள்கிட்ட எப்படிச் சண்டை போடறது? அவ ஏத்துன துணி. நான் எப்படி இறங்கினதா நெனச்சுக்க முடியும்?”

அத்தான் சொன்னதும் அதேதான். அவ ஏத்துனது. வளைவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே மரியாதையை உனக்குச் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வருஷத்துக் கீரை செத்துப்போனது.

நான் துறைக்கு ஓடினேன். சொன்னேன். எனக்குப் பக்குவமாகப் பேச வராது, உனக்குத் தெரியும்.

“காவலும் இல்ல ஒண்ணும் இல்ல. மேல ஒருத்தர் தோட்டம் காஞ்சு கருகிருச்சு. அவர் எடுக்காத தண்ணிதான் இங்க ஓடுது. துணிய இறக்குங்க.”

சின்னையா அண்ணன் சிரித்தார். “அந்தக் கிழவனா? அவன்தான் நாங்க போட்ட போடுல...”

“நீங்க ஒரு போடும் போடல அண்ணே. அக்கா ஆணி கொண்டுபோய்க் கொடுத்துச்சு.”

முழுவதையும் சொன்னேன். சின்னையா அண்ணன் கையிலிருந்த வேட்டியைப் பிழிந்தார், பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். அத்தான் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கிட்ட சொல்லாம இருப்பாளா?”

“சொல்லல அத்தான்.”

“பொய். தண்ணி அவளாலதான் ஓடுது. இறக்கினா நின்னுரும், அதான் உண்மை. நீ படிச்சவன், நிரூபிச்சுக் காட்டு பாப்போம்.”

வேடிக்கை பார், அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றே. இறக்கினால் தண்ணீர் குறையும். அதனால் அவர் முன்னாலேயே இறக்கினேன். கடல் முழுக்க வடிந்து முடிந்திருந்த நேரம், கடல் வடிந்ததால் குறைந்தது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கயிற்றை அவிழ்த்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி காய்ந்து விறைத்திருந்தது, மடிப்புகளில் தூசி. உன் கல்லின் அடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கரிக்கோடு போட்டேன்.

“இப்ப கிழவர் பாத்திருப்பார். பலகையைப் போடுவார். பாருங்க.”

உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா?” என்றார் அத்தான். பிறகு ஓரத்துக் கூழாங்கல் ஒன்று முதுகைக் காட்டியது. பிறகு இன்னொன்று. தண்ணீரின் சத்தம் மாறியது, மெலிந்தது. கரிக்கோடு காற்றுக்கு வந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் ஈரம், அப்புறம் இரண்டு விரல். உன் கல்லைவிட்டு ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனது.

அத்தான் அந்த ஈரத்தில் கையை வைத்தார். காயும்வரை எடுக்கவில்லை.

“இப்பத்தான் போறா” என்றார்.

அளந்து சொல்ல எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நின்றுவிட்டது.

மறுநாள் சின்னையா அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போய், கிழவரின் கிணற்றைத் தூர்வாரிக் கொடுத்தார். பலகையில் ஆடிய ஓர் ஓரத்துக்கு ஆணியும் அடித்தார். “நாம உடைச்ச பலகை, நாமளே அடிக்கறோம்” என்று முனகிக்கொண்டேதான் அடித்தாராம். கிழவர் மறுபடி விதைத்திருக்கிறார். இப்போது நாலு விரல் உயரம். பெருநாள் விலை இதற்குக் கிடைக்காது, ஆனால் வீட்டில் அடுப்பு எரியும்.

இனி நாங்கள் துணியை இறக்க மறந்தால் நீங்களே பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒப்பவில்லை. “ஒரு நாள் நானா முடிவெடுத்தா, மறுநாள் அவங்களும் அவங்களா முடிவெடுப்பாங்க. அப்புறம் துணி எதுக்கு?” இந்தப் பிடிவாதத்தை நீ எப்படி மூன்று வருஷம் சகித்தாய்? அல்லது உன் பிடிவாதத்தை அவர் எப்படிச் சகித்தார்?

இலாகா கொடுத்த படிவத்தில் விவசாயம் என்று ஒரு கட்டம், வீட்டு உபயோகம் என்று ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினேன். அந்த வாரம் ஆற்றில் தண்ணீர் உயர்ந்ததற்குக் காரணம் என்ன என்று துரை சிவப்பு மையில் கேட்டிருந்தார். ‘மேல் தோட்டத்தில் பலகை போடப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் போடப்படவில்லை என்று அவர் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் அனுமதியில்லாத பலகை என்று உடைக்க ஆள் அனுப்பியிருப்பார். அந்த வீரத்தை நம் ஆட்கள் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று.

மீதி, தினப்பாடு. காலையில் துணியை ஏற்ற அத்தான் முதல் ஆளாக வருகிறார். கயிற்றை இழுக்கும்போது அவர் முகம் வேறாக இருக்கிறது. நீ வேலைக்கு வந்துவிட்டதுபோல. ஆனால் இறக்க மாட்டேன் என்கிறார். வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நேரம் பார்த்து வெள்ளாவிப் பானைக்கு விறகு போடப் போய்விடுகிறார். ஒரு நாள் நான் கொஞ்சம் தாமதமாக வந்தேன். அலசல் முடிந்து, கற்கள் காய்ந்து, துணி மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். “நீ வருவேன்னு தெரியும் தம்பி” என்றார். மற்றவர்கள், அது அத்தான் வீட்டுத் துணி, நாம் தொடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் நான் எங்கே அளந்துகொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறேன். உன் துணியை இறக்குவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும் அக்கா. எனக்கு மட்டும் மரத்துப்போய்விட்டது என்று இவர்கள் நினைக்கிறார்கள்.

நாளைக்கு எனக்கு நிபோங் திபாலுக்கு மாற்றல். அங்கே இன்னோர் ஆறு, இன்னொரு படிவம். காலைப் படகில் அக்கரைக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். நாளையிலிருந்து இந்தக் கயிற்றை அத்தான் அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் நாலு விரல் கீரை இன்னொரு தடவை சாகும். இதை நேற்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் தலையாட்டலை நான் நம்பவில்லை.

துணி மேலே போய்விட்டது. வளையம் கிறீச்சிடுகிறது, எண்ணெய் போட வேண்டும். சின்னையா அண்ணன் இப்போதே, “கொடி ஏறியாச்சு, ஆரம்பிங்க லா” என்று சத்தம் போடுகிறார். ராஜாங்கம் என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. வளைவுக்கு அப்பால் கிழவர் வரப்பில் வந்து நின்றிருப்பார்.

இனி நான் செய்யப்போவது:

1. மூங்கில் வளையத்துக்கு எண்ணெய் போடுவேன். கயிறு சிக்கிக்கொண்டது என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது.

2. அலசல் முடியும்வரை இந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருப்பேன். அத்தான் விறகு போடக் கிளம்பினால், விறகை நேற்று மாலையே நான் அடுக்கிவிட்டேன் என்று சொல்வேன்.

3. “தம்பி, நேரமாச்சே” என்று அவர் என்னைப் பார்த்தால், “ஆமாம் அத்தான், ஆச்சு” என்று மட்டும் சொல்வேன். எழுந்திருக்க மாட்டேன்.

4. அவர் இறக்கினால், மடிப்பதற்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். பிறகு மேலே போய், கிழவர் பலகையைப் போட்டுவிட்டாரா என்று பார்த்துவிட்டு வந்து பெட்டி கட்டுவேன்.

5. அவர் இறக்கவில்லை என்றால், கயிற்றை அவிழ்த்து அவர் கையில் வைத்து, அவர் கைமேல் என் கையை வைத்து இறக்குவேன். நாளைக்கும் அப்படியே. படகு நாளைக்கு மறுநாளும் இருக்கிறது.